வாசகர் கேள்வி–பதில்: படிப்பு, பொதுப்பணி, கல்லூரித் தோழமை

(மலைப் பகுதிக் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களுக்கு, நீலகிரியில் நெடுங்காலம் ஆசிரியப் பணியாற்றி, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியை பதிலளிக்கிறார்.)

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் உதகையில் ஒரு கல்லூரியில் இளநிலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோத்தகிரியைத் தாண்டியுள்ள ஊரிலிருந்து தினமும் பேருந்தில் போய் வருகிறேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். ஆறு மணி முதல் ஏழரை வரை, வாரத்தில் ஐந்து நாள், சமுதாயக் கூடத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமை என்றால் நாட்டு நலப்பணித் திட்ட வேலை. இந்த ஆண்டு துறை மன்றத்துக்கும் என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு என்னைத்தான் தேடி வருகிறார்கள். போன பருவத்தில் துணைப்பாடமான வேதியியலில் அரியர் விழுந்துவிட்டது. இந்தப் பருவத்தில் வருகைப்பதிவு 71 விழுக்காட்டில் நிற்கிறது. ‘தொண்டெல்லாம் பட்டம் வாங்கிய பிறகு’ என்று துறை ஆசிரியர் கண்டித்துவிட்டார். ‘எங்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட உனக்கு நேரமில்லை’ என்று தோழிகள் வருத்தப்படுகிறார்கள். அம்மா தோட்டத்தில் இலை பறித்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். எதை விடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

— இரண்டாம் ஆண்டு மாணவி, கோத்தகிரி வட்டம்

பதில்: விட வேண்டியது ஒன்று இருக்கிறது, அது மன்றச் செயலாளர் பதவி. மற்ற எதையும் நீங்கள் விட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம்தான் என்று வரம்பு கட்டியாக வேண்டும். அந்த வரம்பை உங்களுக்காக வேறு யாரும் கட்டித் தரமாட்டார்கள்.

முதலில் வருகைப்பதிவு. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள்கள் என்று கொண்டால், தேர்வெழுதத் தேவையான 75 விழுக்காட்டுக்கு 68 நாள்கள் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். 71 விழுக்காடு பருவ முடிவு வரை அப்படியே நீடித்தால் 64 நாள்கள்தான் தேறும். நான்கு நாள் குறைவு என்பது மீட்க முடியாத பள்ளமன்று. இன்றே விழித்துக்கொண்டால் சரிசெய்துவிடலாம். நம் மாவட்டத்தில் இதற்கென்று ஒரு சிக்கலும் உண்டு. மழைக்காலத்தில் ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாள்களை ஈடுகட்டக் கல்லூரிகள் சனிக்கிழமைகளில் வகுப்பு வைக்கின்றன. அதே சனிக்கிழமைகளில்தான் நலப்பணிக் களவேலையும் இருக்கும். இரண்டும் மோதும் நாளில் தயங்காமல் வகுப்புக்குப் போங்கள். ‘ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரிப் பணிக்குப் போனதாகக் கணக்கிடும் வருகை) போட்டுக் கொடுத்துவிடுகிறோம்’ என்று யாராவது சொன்னாலும் ஒரு கணம் யோசியுங்கள். ஓ.டி. பதிவேட்டில் உங்கள் வருகையைக் காப்பாற்றித் தரும். அன்று ஆய்வகத்தில் செய்யாமல் விட்ட செய்முறையைத் திருப்பித் தராது. அறிவியல் மாணவி ஒருத்தி செய்முறை வகுப்பு உள்ள நாளில் எக்காரணத்தைக் கொண்டும் ஓ.டி. கேட்கக் கூடாது என்று நான் என் மாணவர்களிடம் கண்டிப்பாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் மீதுள்ள அக்கறையால்தான் அவர் கண்டித்திருக்கிறார். ஆனாலும் தொண்டு பட்டத்துக்குப் பிறகுதான் என்ற முடிவை இந்நாட்டின் கல்வியாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணிப் பார்த்து விலக்கிவிட்டார்கள். ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமாக முன்வந்து சமூகப் பணி செய்ய வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1959-இல் சி.டி.தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை மாணவர்களைக் கட்டாயப் பணியில் ஈடுபடுத்தலாம் என்றது. செலவும் நடைமுறைச் சிக்கலும் கருதி அது கைவிடப்பட்டது. அதன் பின்னர் கோத்தாரி கல்விக் குழுவும் கல்வியின் எல்லா நிலைகளிலும் சமூகப் பணி இணைய வேண்டும் என்றது. இவ்வளவு விவாதத்துக்கும் பிறகு, காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, அப்போதைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி.ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே, படிப்பு கெடாமல் செய்ய வேண்டிய பணி என்றுதான் அதை வகுத்தார்கள்.

படிப்பு கெடாமல் என்பதற்கு அவர்கள் கணக்கும் வைத்தார்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. அந்த 120 மணியில் 20 மணி பயிற்சிக்கு, 30 மணி வரை கல்லூரி வளாகத்துக்குள், மிச்சம் 70 மணி வெளியே மக்களிடையே. கல்லூரி நடக்கும் வாரங்களில் பகிர்ந்து பார்த்தால் வாரத்துக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். இனி உங்கள் கணக்கைப் பாருங்கள். பிள்ளைகளின் மாலை வகுப்பு மட்டுமே வாரத்துக்கு ஏழரை மணி. முப்பது வாரத்துக்கு 225 மணி. ஓராண்டுப் பணியைப் போல ஏறக்குறைய இரு மடங்கை அந்த ஒரு வகுப்பிலேயே நீங்கள் சுமக்கிறீர்கள். அதற்கு மேல் சனிக்கிழமை, மன்றம், விண்ணப்பங்கள். உங்களுக்குத் திறமை குறைந்துவிட்டதாக எண்ணி வருந்த வேண்டாம். மூன்று பேர் செய்யும் வேலையை ஒருவரே செய்தால் வேதியியல் தாளில் அரியர் விழாமல் வேறு என்ன நடக்கும்?

ஆகவே மாலை வகுப்பைச் சுருக்குங்கள். இதில் உங்கள் நேரத்தைவிட எனக்குக் கவலை தருவது இருட்டு. கோத்தகிரிப் பக்கம் பொழுது சாய்ந்தால் தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை இறங்குவதும், வீடுகளை ஒட்டிக் கரடி நடமாடுவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏழரை மணிக்கு, பனி மூட்டத்தில், தோட்டப் பாதையில் எட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்கு நடந்து போகிறது என்றால் அந்த வகுப்பின் நேரம் தவறானது. கொரோனாவுக்குப் பின் 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில்கூட மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் என்றுதான் வைத்தார்கள். நீங்கள் செவ்வாயும் வியாழனும் ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி ஆறே முக்காலுக்குள் முடித்து, பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்கள் வந்து அழைத்துப் போகும்படி செய்யுங்கள். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆக வாரத்துக்கு நான்கு மணி. மீதி நாள்களில் வகுப்பு நடந்தே தீர வேண்டும் என்று ஊரார் விரும்பினால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் யாராவது ஓர் அக்காவையோ அண்ணனையோ அழைத்து வந்து, ஒரு வாரம் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கிவிடுங்கள். உங்களை விட்டால் ஆளில்லை என்ற நிலையை மாற்றுவதும் அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் நன்மைதான். இன்னும் இரண்டாண்டில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ நீங்கள் ஊரை விட்டுப் போக நேரிடும், அன்றைக்கு வகுப்பு நின்றுபோகக் கூடாது. குறைத்த நேரத்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். வருவதாகச் சொன்ன அக்கா வராத மாலையில் கூடத்தின் படியில் உட்கார்ந்து காத்திருக்கும் பிள்ளைக்கு ஏற்படும் ஏமாற்றம் பெரியது.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் தொடருங்கள். ஆனால் எல்லா நிகழ்ச்சிக்கும் முதல் ஆளாக நிற்காமல், ஒரே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தாவரவியல் மாணவி. நம் மலைச்சரிவுகளில் அந்நியக் களைச்செடிகளை அகற்றும் பணி உங்களுக்கென்றே காத்திருக்கிறது. உண்ணிச்செடியை (லாண்டானா) எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே மேலே வெட்டினால் அடித்தூரிலிருந்து மறுபடி தழைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் வகுத்த முறைப்படி, மண்ணுக்குக் கீழே சுமார் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, தூரோடு புதரைப் புரட்டித் தலைகீழாகக் காயப் போட வேண்டும். அதோடு முடிவதில்லை. பழத்தைத் தின்ற பறவைகள் வந்தமரும் மரங்களின் அடியில் அடுத்த மழைக்கு நாற்று முளைக்கும். அதைப் பிடுங்க மறுபடி போக வேண்டும், அதற்கடுத்த மழைக்கும் போக வேண்டும். இன்னோர் அந்நிய இனமான சீகை (வாட்டில்) மரத்தின் விதையோ மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது. ஒரு சனிக்கிழமை நூறு பேர் திரண்டு வெட்டி, பதாகையோடு படம் எடுத்துக்கொண்டு, பிறகு அந்தப் பக்கமே போகாமலிருந்தால் அவ்வளவு உழைப்பும் வீண். இதைக் கண்ணால் கண்டு மனம் நொந்திருக்கிறேன். உங்கள் கல்லூரியின் நலப்பணித் திட்ட அலகு (மாணவர் பிரிவு) ஒரு சிறு பரப்பை அளந்து எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஐந்தாறு பேர் மட்டும் போய், முளைத்த நாற்றுகளை எண்ணிப் பிடுங்கிக் குறித்து வைக்கட்டும். நிலம் வனத்துறைக்கோ தோட்டத்துக்கோ உரியதாக இருக்கும் என்பதால், அனுமதியைத் திட்ட அலுவலர் வழியாகவே பெறுங்கள். அந்தக் குறிப்பேடு அடுத்த ஆண்டு உங்கள் புராஜெக்டுக்கு உதவும். ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கண்டித்த ஆசிரியரே வழிகாட்டியாக வந்து நிற்கும் வாய்ப்பும் அதில் இருக்கிறது.

இனி மன்றம். செயலாளர் என்றால் விருந்தினரை அழைப்பது, அழைப்பிதழ் அச்சடிப்பது, பொன்னாடை வாங்குவது, கூடத்துக்கு அனுமதி கேட்டு அலுவலகத்தில் நிற்பது என்று எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத வேலைகள். மற்ற பணிகளுக்கு நேரம் குறிக்கலாம், இதற்குக் குறிக்க முடியாது. அதனால்தான் இதை விடச் சொல்கிறேன். நடுவில் உதறாமல், இந்தப் பருவம் முடியும்போது, கணக்கு வழக்கோடு இன்னொருவரிடம் முறையாக ஒப்படையுங்கள்.

ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் விண்ணப்ப வேலையை மட்டும் விடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் வந்தன. தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்கு அந்த ஆயிரம் ரூபாய் எவ்வளவு பெரிது என்பது உங்கள் அம்மாவைக் கேட்டால் தெரியும். ஆதாரில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், மதிப்பெண் சான்றிதழில் முன்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்காது. இப்படிச் சின்னஞ்சிறு முரண்களால் பணம் வராமல் நின்றுவிடும். யாரைக் கேட்பது என்று தெரியாமல் கூச்சத்தோடு தாழ்வாரத்தில் நிற்கும் பிள்ளை, ஆசிரியரிடம் கேட்பதற்கு முன் உங்களைப் போன்ற அக்காவிடம்தான் வாய் திறக்கும். வாரத்தில் ஒரு நாள், மதிய இடைவேளையில் ஒரு மணி நேரம், இன்ன இடத்தில் இருப்பேன் என்று தகவல் பலகையில் எழுதிப் போடுங்கள். வளாகப் பணிக்கு உரிய 30 மணி நேரத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளும்படி திட்ட அலுவலரிடம் கேளுங்கள், நியாயமான கோரிக்கைதான். தோட்டத்து லயன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளை, படுகர் ஹட்டியிலிருந்து (சிற்றூரிலிருந்து) வரும் பிள்ளை, கூடலூர்ப் பக்கம் மலையாளம் கலந்து பேசும் பிள்ளை, பழங்குடிக் குடியிருப்பிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளை என நம் வகுப்பறைகளில் பலர் அருகருகே அமர்ந்திருந்தாலும் தனித்தனிக் கூட்டமாகவே மூன்றாண்டையும் கழித்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே மேசையில் விண்ணப்பம் எழுதும்போது அவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவார்கள். கல்லூரித் தோழமை என்று நான் மதிப்பது அதைத்தான். ஆண்டு விழா மேடையைவிட அது முக்கியமானது.

மற்ற நான்கு நாளும் மதியச் சாப்பாட்டை உங்கள் தோழிகளோடு சாப்பிடுங்கள். அந்நேரத்தில் கைப்பேசியில் எந்தப் பொறுப்பும் வேண்டாம்.

வேதியியல் அரியரைப் பற்றி: கோத்தகிரிச் சாலையின் வளைவுகளில் புத்தகம் படித்தால் தலை சுற்றும். ஆகவே பாடத்தின் ஓர் அலகின் சுருக்கத்தை உங்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து, போகும்போது கேளுங்கள். பாடத்துக்கு ஐந்து அலகுகள்தாம்; வாரத்துக்கு ஒன்றாக முடித்து, அந்த அலகில் கடந்த ஆண்டுகளில் வந்த வினாக்களை எழுதிப் பாருங்கள். வகுப்பில்லாத திங்கள், புதன், வெள்ளி மாலைகள் இதற்குத்தான். ரெக்கார்டு நோட்டை அன்றன்றே முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பருவக் கடைசியில் இரவெல்லாம் விழித்து எழுதும் பழக்கம்தான் மாணவர்களின் உடம்பைக் கெடுக்கிறது. அரியர் விழுந்த செய்தியை அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால் சொல்லிவிடுங்கள், எப்படித் தேறப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, என் மகள் கூடலூரில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். ஏழு நாள் கிராமத்தில் தங்கி முகாம் என்கிறாள். யானை நடமாடும் பகுதி. பெண் பிள்ளையை இரவு வெளியில் தங்க அனுப்ப மனம் ஒப்பவில்லை. அனுப்பாவிட்டால் மதிப்பெண் போய்விடுமா?

— ஒரு தந்தை, பந்தலூர்

பதில்: ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. அதை மகளிடம் சொல்லித் தடுப்பதைவிடத் திட்ட அலுவலரிடம் நேரில் போய்ச் சொல்வதே முறை. ஓர் அலகில் 100 மாணவர்கள் இருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் அளவிலேயே முகாமுக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள், ஆகவே இந்த ஆண்டு போகாவிட்டால் அடுத்த ஆண்டும் வாய்ப்பு உண்டு. முகாம் எந்த ஊரில், மாணவிகள் தங்குவது பள்ளிக் கட்டடத்திலா சமுதாயக் கூடத்திலா, இரவில் உடன் தங்கும் பேராசிரியை யார், கழிப்பறை அதே கட்டடத்தில் உள்ளதா, வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கழிப்பறைக்காக இரவில் வெளியே நடக்க வேண்டிய இடம் என்றால், யானைப் பகுதியில் அதை நானும் ஏற்கமாட்டேன்; இடத்தை மாற்றச் சொல்லுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் நம்பி அனுப்புங்கள். அனுமதித்தால் ஒரு நாள் நீங்களும் போய்ப் பார்த்து வரலாம். பெற்றோர் வருவதை எந்த நல்ல அலுவலரும் வரவேற்பார்.

பருவத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் முகாமுக்கும் தொடர்பில்லை. முகாம் முடித்தால்தான் நலப்பணிச் சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவே. ஆனால் பிறந்த ஊரை விட்டு ஒரு வாரம் வேறு மக்களோடு வாழ்ந்து, சமைத்து, கூட்டிப் பெருக்கி, வீடு வீடாகப் போய் அவர்களின் குறைகளைக் கேட்டு எழுதும் பழக்கம் சான்றிதழைவிடப் பெரிது என்று உங்கள் மகளைப் போன்ற பல பெண்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் கொடைக்கானலில் விடுதியில் தங்கி முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம். அறைத்தோழிகள் ஆளுக்கொரு சங்கத்தில் இருக்கிறார்கள். விடுமுறை நாள்களில் நான் ஊருக்குப் போய்விடுகிறேன். பூண்டு அறுவடை நேரத்தில் வீட்டில் ஆள் வேண்டும். மற்ற நேரம் படிப்புதான். ‘நீ சுயநலக்காரி’ என்று ஒருத்தி விளையாட்டாகச் சொன்னது மனத்தில் தைத்துவிட்டது. நானும் எதிலாவது சேர வேண்டுமா?

— முதுகலை மாணவி, கொடைக்கானல்

பதில்: சேர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கூலிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் அப்பா அம்மாவோடு வயலில் குனிந்து பூண்டு பிடுங்கி, கட்டுக் கட்டி, புகை மூட்டத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுத் திங்கள்கிழமை வகுப்புக்கு வந்து உட்காரும் பெண்ணைச் சுயநலக்காரி என்று யாராலும் சொல்ல முடியாது. சொன்ன தோழிக்கு உங்கள் சனி, ஞாயிறு எப்படிக் கழிகிறது என்பது தெரிந்திருக்காது. ஒருமுறை அவரை ஊருக்கு அழைத்துப் போங்கள்.

பொதுப்பணி சங்கத்தின் பெயரில்தான் நடக்க வேண்டும் என்ற எண்ணம் மாணவர்களிடையே பரவியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விவசாயிக்கு என்ன பயன், அந்தப் பெயரைப் பயன்படுத்தி விற்க யார் பதிவு செய்ய வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை உங்கள் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? படித்த பெண் நீங்கள். வேளாண் அலுவலகத்தில் கேட்டறிந்து, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நாலு வீட்டுத் திண்ணையில் சொன்னால் போதும். அதற்கும் நேரமில்லையென்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்; பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விடுதியில் மட்டும் ஒன்று செய்யலாம். இரவில் காய்ச்சலில் படுத்திருக்கும் அறைத்தோழிக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதற்கும், முதல் வாரத்தில் வீட்டை நினைத்து அழும் புதுப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்வதற்கும் எந்தச் சங்கத்திலும் பெயர் எழுத வேண்டியதில்லை. கடிதத்தைப் படித்தால் இவற்றை நீங்கள் முன்பே செய்துவருபவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆய்வேட்டுக்குத் தலைப்பு முடிவாகாமலிருந்தால், மேல்மலை விவசாயக் குடும்பங்களைப் பற்றிய தலைப்பு ஒன்றை உங்கள் வழிகாட்டியிடம் பேசிப் பாருங்கள். களப்பணிக்கு நீங்கள் ஊருக்குப் போகும் அதே பேருந்து போதும்.